மடிக்கு ஆள் அனுப்பிய தலைவர்

திண்டுக்கல்லில் சும்மா இருப்பதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. சும்மா இருக்க விரும்புகிறவர்கள் அதில் சேர்ந்து ஓயாமல் உழைக்க வேண்டும். அதன் முழுப்பெயர் 'தொழில் தலைவர்கள் நேர ஆற்றல் பாதுகாப்புப் பேரவை'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கொஞ்சம் நேரமும் கொஞ்சம் ஆற்றலும் போய்விடும் என்பதால் 'பேரவை' என்று சுருக்கிக்கொண்டார்கள். பைபாஸ் ஓரத்து ஓட்டல் மாடியில் வாரத்துக்கு மூன்று விடியற்காலைகள் கூடுவார்கள். கூட்டங்களைக் குறைப்பதற்கென்று தனியாக ஓர் உபகுழு உண்டு. மற்ற எல்லாக் குழுக்களையும்விட அதிகமாகக் கூடியது அந்தக் குழுதான்.

இதில் போய்ச் சேர்ந்தார் நாகல் நகர் பழனிக்குமார். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. யார் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதலில் போய் நிற்பார். பந்தல் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. கல்யாண வீடென்றால் பந்தி முடியும்வரை நிற்பார், சாவு வீடென்றால் தூக்கும்வரை நிற்பார். அதனால்தான் அந்தக் கடை ஓடியது. ஆனால் இந்த விஷயம் அவருக்கே தெரியாது.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் தான் ஒரு பந்தல்காரன் என்பதுதான். தங்கச்சி நாகஜோதியின் கல்யாணத்தில் புதுவேட்டி கட்டி, சந்தனம் பூசி, மாப்பிள்ளைக்கு மாலை போட மேடை ஏறப் போனவரை ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏப்பா, கடைசிப் பந்தியில சேர் பத்தல பாரு" என்று சொன்னார். பழனிக்குமார் மாலையோடு போய்ச் சேர் தூக்கினார். அந்தக் காயம் உள்ளே அப்படியே கிடந்தது. அதனால் டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கும் பிரபு ஒருநாள் கடை வாசலில் காரை நிறுத்தி, "என்ன தலைவரே, எந்நேரமும் போனும் கையுமா இருக்கீங்க?" என்று கேட்டபோது, யாரைச் சொல்கிறார் என்று இவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் அண்டாக்கள் மட்டுமே இருந்தன.

"உங்களைத்தான் சொல்றேன். நீங்க ஒரு தொழிலுக்கே தலைவர். உங்க நேரத்தை ஊர்க்காரன் பூரா அள்ளிட்டுப் போறான். நீங்க வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க."

யாரும் எதையும் அள்ளிக்கொண்டு போனதாகப் பழனிக்குமாருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தலைவரே என்று கூப்பிட்ட ஒருவர் சொல்கிறாரே என்று மறுநாள் விடியலில் பைபாஸ் ஓட்டலுக்குப் போனார்.

பேரவையின் தலைவர் டாக்டர் கஸ்பார். அந்த டாக்டர் பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தத் தேசத்தில் இருக்கிறதென்று அவரே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன தொழில் நடத்துகிறார் என்பதும் தெரியாது. அதைக் கேட்பது ஆற்றல் திருட்டு என்று பேரவை விதிகளிலேயே எழுதியிருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்த கஸ்பார் கண்ணை மூடித் திறந்து பேச ஆரம்பித்தார்.

"தலைவர்களே! உங்க நேரத்தைத் திருடுறவன் சுவரேறிக் குதிச்சு வரமாட்டான். உங்க வீட்லயே உங்க சோத்தைச் சாப்பிட்டுட்டு இருப்பான். போன வருசம் எங்க அப்பா தவறிட்டாரு." கூட்டம் உச்சுக் கொட்டியது. கஸ்பார் கையைக் காட்டி அடக்கினார். "வேணாம். பரிதாபப்படாதீங்க, பாராட்டுங்க. நான் கல்லறைக்குப் போகல! ஒரு தலைவன் அங்க போயி என்ன புது முடிவு எடுக்கப் போறான்? எடுக்க வேண்டிய முடிவை ஆண்டவரே எடுத்துட்டாரு. என் மேனேஜர் டோனியை அனுப்புனேன். எனக்குப் பதிலா ரொம்பப் பிரமாதமா மண்ணு போட்டுட்டு வந்தாரு. அந்த அரை நாளு எனக்கு மிச்சம்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். மிச்சம் பிடித்த அரை நாளில் என்ன செய்தார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பழனிக்குமாரும் தட்டினார். அந்தச் சாவுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோனதே அவர்தான். பெரியவரின் கால்மாட்டில் நின்று கும்பிட்டு, குழிவரை கூடவே நடந்துபோய், ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டு வந்திருந்தார். பெற்ற மகன் அங்கே இல்லை என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டார். ஆனாலும் இவ்வளவு பேர் தட்டும்போது நாம் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தார்.

அன்றைக்கே அவருக்குப் பூட்டு விழா நடந்தது. உறுப்பினர் ஆகிறவரின் சட்டைப் பைக் காஜாவில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை மாட்டி, எல்லோரும் எழுந்து நின்று 'என் நேரம் எனக்கு' என்று மூன்று முறை சொல்வார்கள். காலையில் பூட்டு தொங்குகிற நேரம் 'பொற்பொழுது'. அந்த நேரத்தில் தலைவர் யாரிடமும் பேசக்கூடாது, யாரும் அவரிடம் பேசக்கூடாது, பெரிய சிந்தனைகள் மட்டும் ஓடலாம். சாவி பேரவைச் செயலாளரிடம் இருக்கும். ஆகவே தினமும் பொற்பொழுது முடிந்ததும் பைபாஸுக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று பூட்டைத் திறந்துவிட்டு வரவேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போதும் தலைவர்கள் சிந்திக்கலாம் என்று அனுமதி இருந்தது.

பொற்பொழுதில் பழனிக்குமாருக்குப் பெரிய சிந்தனை எதுவும் வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெரு ஒச்சாயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"அப்பு, எங்க வீட்டு மனுசன் போயிட்டாருப்பா! பெட்டி வேணும்ப்பா!"

பழனிக்குமார் பதறி எழுந்தார். வாயைத் திறக்கப் போனவர், ஞாபகம் வந்து பூட்டைத் தொட்டுக் காட்டினார். ஒச்சாயிக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் பூட்டைக் காட்டி, பிறகு வாயைக் காட்டி, கையை விரித்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே உற்றுப் பார்த்தாள்.

"ஆத்தாடி, உனக்கு என்னப்பா ஆச்சு? வாய் வரலையா? அம்புட்டு நல்லாப் பேசுவியே!" என்று அவர் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினாள். தாலி அறுக்கப் போகிற கிழவி, தன் முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசி, எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றினாள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி அன்புக்கரசி வந்தாள். பெட்டியை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, ஒச்சாயியைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். வாசலில் நின்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொணம் உங்களை மாதிரிப் பொழுது பாத்தா சாகும்? போயி அந்தப் பூட்டைத் தொறந்துட்டு வாங்க. பாக்கவே அசிங்கமா இருக்கு."

அடுத்த கூட்டத்தில் பழனிக்குமார் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார், வருத்தத்தோடு. கஸ்பார் மேடையிலிருந்து இறங்கிவந்து அவரைத் தழுவிக்கொண்டார். சாவு வீட்டுக்காரி முன்னால் வாய் திறக்காமல் இருப்பதென்றால் சாதாரணமா, பத்து வருட உறுப்பினர்களால்கூட முடியாதது என்றார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். எழுந்து நின்று ஊர் தட்டுவதைப் பழனிக்குமார் அதற்கு முன் பார்த்ததில்லை. மனுஷன் அன்றைக்கு விழுந்தவர்தான்.

அடுத்ததாகப் பதிலாள் திட்டம் வந்தது. ஒரு தலைவன் எந்த விசேஷத்துக்கும் நேரில் போகக்கூடாது, பேரவையில் பயிற்சி பெற்ற ஆளை அனுப்ப வேண்டும். மலர்ந்த முகம், கனிந்த முகம், வாடிய முகம் என்று மூன்று முகங்களைப் பதிலாட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பழனிக்குமாருக்குக் கிடைத்தவர் ராமர், ரிட்டையரான டவுன் பஸ் கண்டக்டர். பயிற்சியில் அவருக்கு மூன்று முகமும் வரவில்லை. எப்போதும் ஒரே முகம்தான், சில்லறை இல்லை என்று சொல்கிறவனைப் பார்க்கிற முகம். வேறு ஆள் கிடைக்காததால் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

ராமர் போன முதல் கல்யாணத்தில் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். "ஏன், பந்தக்காரருக்குக் காலு வலிக்குதாமா?" என்றார்கள். ராமர் பந்தியில் தண்ணீர் ஊற்றினார். அடுத்த வீட்டில் சேர் தூக்கினார், அதற்கடுத்த வீட்டில் தூக்கம் வராத கிழவரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டார். ஓய்வு பெற்ற மனுஷன், வீட்டில் போய் என்ன செய்யப் போகிறார்? நாலைந்து மாதத்தில் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் பழனிக்குமாரின் கையில் தாம்பூலத்தைக் கொடுத்துவிட்டு, "ராமரண்ணனைக் கட்டாயம் வரச் சொல்லிருங்க" என்று சொல்லும் நிலை வந்தது. பழனிக்குமார் இதை வெற்றி என்று நினைத்தார். மிச்சமான நேரம் முழுவதையும், நேரத்தை எப்படி மிச்சம் பிடித்தேன் என்று பேரவையில் எழுந்து நின்று சொல்வதில் செலவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நாகஜோதி போன் செய்தாள்.

நாகஜோதியைக் கட்டிக்கொடுத்திருப்பது அய்யலூர்ப் பக்கம். புருஷன் பொன்னழகு, தக்காளியும் தென்னையும் வைத்திருக்கிற நல்ல மனுஷன். ஆனால் மாமியார் வேறு ரகம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை என்று, வீட்டில் ஒரு வளைகாப்பு என்றால்கூட நாகஜோதியை அடுப்படியிலேயே நிறுத்தி வைத்தவள். அதற்குப் பிறகு பிறந்தது யாழினி. மூன்று வயது முடியப் போகிறது. குலசாமி கருப்பு கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று நாகஜோதிக்கு இருப்பது ஒரே ஓர் அண்ணன். மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமன் வந்து உட்காராவிட்டால், நாதியற்றவள் என்று சபையிலேயே சொல்ல மாமியார் காத்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்தது அன்புக்கரசி. தலைவருக்கு வரும் போன்களை முதலில் வீட்டார் வடிகட்ட வேண்டும் என்பது விதி.

"மதினி, அண்ணன் இருக்கா?"

"இருக்காரு. ஆனா இல்ல."

"என்ன மதினி சொல்றீங்க?"

"நெஞ்சுல பூட்டுத் தொங்குது தாயி. விசயத்தை எங்கிட்டச் சொல்லு. இது உங்க அண்ணன் மட்டும்தான் செய்ய முடியுமா, வேற ஆளு யாரும் செய்யலாமான்னு உன்னையக் கேக்கணுமாம். கேக்கச் சொல்லி எதுத்தாப்புல உக்காந்து கையக் காட்டுறாரு."

நாகஜோதி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"யாழினிக்குக் காது குத்துறோம் மதினி. வர்ற மாசம், ரெண்டாவது ஞாயித்துக்கெழமை. தாய்மாமன் எடத்துல வேற யாரு உக்காருவா? நீங்களே சொல்லுங்க."

பழனிக்குமாரின் கண் கலங்கிவிட்டது. வருகிறேன் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். "தலையாட்டுறாரு" என்று அன்புக்கரசி நாகஜோதிக்குச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேரவையின் மண்டல மாநாடும். பழனிக்குமார் விதிப்படி தளர்வுக் குழுவிடம் விண்ணப்பித்தார். ஒருமுறை நேரில் போக அனுமதி வேண்டும். குழுவில் கஸ்பார், டைல்ஸ் பிரபு, லேடீஸ் ஹாஸ்டல்கள் நடத்தும் மணிமேகலை மூவரும் இருந்தார்கள். அவர் விண்ணப்பத்தை விசாரிக்க அரை நாள் எடுத்துக்கொண்டார்கள்.

"தலைவரே, தப்பா நினைக்கக்கூடாது" என்று மணிமேகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "உங்க மடியில அப்படி என்ன விசேஷத் தகுதி இருக்கு?"

"தகுதின்னு இல்லீங்க. தாய்மாமன் மடி. அம்புட்டுத்தான்."

"எம்புட்டு நேரம் உக்காரணும்?" என்று பிரபு கேட்டார்.

"செத்த நேரம்தான். ஆசாரி குத்தி முடிக்கிற வரைக்கும்."

"செத்த நேரம், செத்த நேரம்னுதான் தலைவரே நாம எல்லாரும் அழிஞ்சோம். போற நேரம்? வர்ற நேரம்? பிள்ளை அழுதா தாங்க மாட்டீங்க, அதுல போற எனர்ஜி?"

"பிள்ளைன்னா அழுகத்தான செய்யும்" என்றார் பழனிக்குமார் பரிதாபமாக.

கஸ்பார் கையை உயர்த்தினார். தீர்ப்பு வரப்போகிறதென்று மற்ற இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மடின்னா என்ன? உணர்ச்சியை ஓரமா வெச்சிட்டுப் பாக்கணும். ஒரு குழந்தை கீழ விழாம உக்கார ஒரு இடம். அதுக்குத் தமிழ்ல நாற்காலின்னு பேரு. நாற்காலியை வாடகைக்கு அனுப்புறது உங்க தொழில். ஒவ்வொரு விசேஷத்துக்கும் நீங்களே நாற்காலியாப் போயி உக்காருவீங்களா? நீங்க நாற்காலி முதலாளி தலைவரே, நாற்காலி இல்ல!"

"ஆகா" என்றார் பிரபு. மணிமேகலைக்குக் கண்ணாடி மறுபடியும் பனித்துவிட்டது. பழனிக்குமாருக்கு இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் கஸ்பார் அவர் தோளில் கை போட்டுவிட்டார்.

"இந்த மண்டலத்துல சொந்தத் தாய்மாமன் மடியையே துறந்த தலைவர் வேற யாரும் இல்ல. இந்த வருசம் 'ஆற்றல் காவலர்' விருது உங்களுக்குத்தான். அதுவும் முதல் நிகழ்ச்சியா, காலையில தரோம்."

முதல் நிகழ்ச்சி என்ற வார்த்தையைப் பழனிக்குமார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் விருதை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தால் காது குத்துகிற நேரத்துக்குப் போய்விடலாம். மேடையில் ஏறி, சேர் தூக்காமல் நின்று, ஒரே ஒருமுறை மாலை வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆசையை மோப்பம் பிடித்து வைத்திருக்கிறதே ஒரு கூட்டம், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தங்கச்சியிடம் இதைச் சொல்லக்கூட அவர் வாய் திறக்கவில்லை. அதற்கும் ராமர்தான். "தலைவர் கொஞ்சம் முன்ன பின்ன வருவாரு தாயி. நான் சீர்வரிசையோட முன்னாடியே வந்துர்றேன்" என்று ராமர் போனில் சொன்னார்.

"அண்ணன் வருமா, வராதா?" என்று நாகஜோதி கேட்டாள்.

"வந்துரும் தாயி" என்றார் ராமர். சொல்லிவிட்டுப் பழனிக்குமாரைப் பார்த்தார், அதே ஒற்றை முகத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை டெம்போவில் சீர்த்தட்டுகள், பட்டுப் பாவாடை, தங்கக் கம்மல், மாலை போட்ட கிடாய் எல்லாம் ஏறின. அன்புக்கரசி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கதவை ஓங்கிச் சாத்தினாள். ராமர் பின்னால் கிடாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். டெம்போ வடமதுரை ரோட்டில் திரும்பியது. பழனிக்குமார் நெஞ்சில் பூட்டோடு மாநாட்டு மண்டபத்துக்குப் போனார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் அவருக்கு இடம் போட்டிருந்தார்கள். முதல் நிகழ்ச்சி தொடங்கவில்லை, சிறப்பு விருந்தினர் வரவில்லை என்றார்கள். ஒரு மணி நேரம் கழிந்தது. பழனிக்குமார் நெளிந்துகொண்டே பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பிரபு என்று அட்டை ஒட்டியிருந்த நாற்காலியில் யாரோ ஒருவர் இருந்தார்.

பேசக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தும் கேட்டுவிட்டார். "நீங்க?"

"ஷோரூம்ல பில் போடுறேங்க. முதலாளிக்குப் பதிலா வந்தேன். அவரு மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டாரு."

அதற்கு அடுத்த நாற்காலியில் மணிமேகலையின் ஹாஸ்டல் வார்டன் உட்கார்ந்திருந்தார். மணிமேகலை தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று போயிருந்தார். பழனிக்குமார் எழுந்து பின்வரிசைகளைப் பார்த்தார். டிரைவர்கள், கணக்குப்பிள்ளைகள், கொழுந்தன்மார்கள், வாட்ச்மேன்கள். எல்லோருடைய சட்டையிலும் பூட்டு தொங்கியது. இரவல் பூட்டுகள். ஒரு வாட்ச்மேன் பொற்பொழுதைக் கடைப்பிடித்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் சிறப்பு விருந்தினருக்குப் பதிலாக வரவேண்டிய அவருடைய உதவியாளருக்குப் பதிலாக ஒருவர் வந்து சேர்ந்தார். மேளம் அடித்தார்கள். மேளக்காரர்கள் மட்டும் அசல்.

தலைமையுரை அறிவிக்கப்பட்டது. கஸ்பாரின் கோட்டைப் போட்டுக்கொண்டு மைக்குக்கு வந்தவர் மேனேஜர் டோனி. கோட்டு அவருக்கு முழங்கால்வரை இருந்தது. தாளைப் பிரித்து வாசித்தார்.

"தலைவர்களே! நான் இன்று உங்கள் முன் நேரில் நிற்கிறேன் என்றால்" என்று தொடங்கி, ஒரு நொடி தயங்கி, வேறு வழியில்லாமல் மேலே போனார். "அதற்குக் காரணம் உங்கள் மீது நான் வைத்திருக்கும் அன்பு. உண்மையான தலைவன் எந்த விசேஷத்துக்கும் நேரில் போக மாட்டான். சொந்தம், பந்தம், கண்ணீர், சாப்பாடு இவை நான்கும் ஆற்றலின் எதிரிகள். கைதட்டலுக்காக இங்கே நிறுத்தவும்." அதையும் சேர்த்து வாசித்துவிட்டார். எல்லோரும் தட்டினார்கள்.

பழனிக்குமார் மேடைக்குப் பின்பக்கமாகப் போய் டோனியைப் பிடித்தார்.

"சார் எங்கங்க?"

"சாரா? பேத்திக்கு இன்னிக்குப் புதுநன்மைங்க, சர்ச்சுல மொத நற்கருணை வாங்குறா. விடிஞ்சதுலேருந்து கோயில்ல முன்வரிசையில உக்காந்திருக்காரு. பிள்ளை வெள்ளை உடுப்புல வர்றதைப் பாத்து அழுதுட்டாராம், எங்க வீட்ல இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாங்க." டோனி கள்ளம் இல்லாத மனிதர். பழனிக்குமாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் வருத்தப்படுகிறார் என்று நினைத்து விளக்கினார். "அதுக்கெல்லாம் ஆளு அனுப்ப முடியுமாங்க?"

பழனிக்குமார் வாசலுக்குத் திரும்பினார்.

"எங்க போறீங்க? விருது வாங்கணும்ல? உறுப்பினர்ல நேர்ல வந்தது நீங்க ஒருத்தர்தான். போட்டோவுக்கு ஒரு அசல் ஆளாவது வேணும்னு சார் சொல்லியிருக்காரு!"

பேரவையின் விதிகளை எழுத்துக்கு எழுத்து நம்பிய மனிதர் இந்த மண்டலத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் போகவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டும், போகாதவர்களுக்குக் கைதட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். பழனிக்குமாருக்கு அது விளங்கியபோது வெயில் ஏறியிருந்தது. சாவி வைத்திருக்கிற செயலாளருக்குப் பதிலாக வந்தவர் சாவியைக் கொண்டுவரவில்லை. பழனிக்குமார் பூட்டைப் பிடித்து இழுத்தார். சட்டைப் பையோடு கிழிந்து வந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

வடமதுரையைத் தாண்டும்போது பொன்னழகுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அய்யலூர் விலக்கில் யாரிடமோ வழி கேட்டார். தங்கச்சி வீட்டுக் குலசாமி கோயிலுக்கு வழி கேட்கிற நிலைமை வந்துவிட்டதே என்று அவருக்கு அப்போது அழுகை வந்தது.

கோயில் வாசலில் அவர் கடைப் பந்தல்தான் நின்றது, அவர் கடை நாற்காலிகள்தான் கிடந்தன. கறி வேகிற வாசம் வந்தது. காது குத்தி முடிந்திருந்தது.

நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி இரண்டு முறை சொல்லியிருக்கிறார். தாய்மாமன் எங்கே என்று பங்காளிகள் கேட்டிருக்கிறார்கள். நாகஜோதி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "வருவான், வருவான். வராதவனுக்கு எதுக்குத்தா மடி?" என்று மாமியார் சபை கேட்கச் சிரித்தபோதுதான் அவள் திரும்பி, சீர்த்தட்டை இறக்கிக்கொண்டிருந்த ராமரிடம் போய், "ராமரண்ணே, நீங்க வந்து உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறாள். ராமர் முடியாது தாயி, முடியாது தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவள் விடவில்லை.

இப்போது ராமர் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் தாய்மாமனுக்குக் கட்டும் உருமாத் தலைப்பாகை. மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி. காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. ஒரு கையில் வாழைப்பழமும் மறு கையில் ராமரின் சட்டையுமாகத் தேம்பிக்கொண்டிருந்தாள். ராமர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிழிந்த சட்டையோடு பந்தலுக்குள் வந்த பழனிக்குமாரைக் கண்டதும் பொன்னழகு, "மச்சான்..." என்று ஓரடி எடுத்துவைத்தான். நாகஜோதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் நின்றுவிட்டான். அவளே முன்னால் வந்தாள். அழுத முகம், ஆனால் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"வாங்க, வாங்க" என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து வாண்ணே, போண்ணே என்று மட்டுமே அவரிடம் பேசியவள்.

"ஜோதி, நான் காலையிலேயே..."

"இம்புட்டு வெயில்ல எம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க." செம்பை நீட்டினாள். "எங்க அண்ணனுக்கு வேலை சாஸ்தி. வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும். அவருக்குப் பதிலா நீங்களாச்சும் வந்தீங்களே, அதுவே பெரிசு. சாப்பிடாமப் போயிறக் கூடாது."

ராமர் பதறிப்போய் எழப் பார்த்தார். "தாயி, தலைவர் வந்துட்டாரு, நான் எந்திரிக்கிறேன்..."

"நீங்க உக்காருங்கண்ணே. பிள்ளை இப்பத்தான் அழுகைய நிப்பாட்டுது."

பழனிக்குமார் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, யாரென்று தெரியாமல், ராமரின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்புக்கரசியைப் பார்த்தார். அவள் பந்திக்கு இலை போடக் குனிந்துவிட்டாள். மாமியார்கூடச் சிரிக்கவில்லை.

நாகஜோதி உள்ளே போய் ஒரு தாம்பூலப் பையை எடுத்துவந்தாள். தாய்மாமனுக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்த பை. தேங்காயோடு வேட்டி துண்டும் இருந்தது. அதை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.

"இது எங்க அண்ணனுக்கு. பாத்தீங்கன்னா மறக்காமக் குடுத்துருங்க."

பழனிக்குமார் பையை வாங்கிக்கொண்டார்.

"குடுத்துர்றேங்க" என்றார்.